ஹக்கைக் கேட்பது இரத்தல் ஆகுமா?

பிலிப்பைன் தீவுகளின் தென்பகுதியாகிய மிந்தனாவோவிலும் சூலுவிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஸ்பானியருக்குப் பணியாது நின்றார்கள் என்னும் செய்தி நம் மேடைகளில் பெருமையோடு பேசப்படுகின்றது. பேசப்பட வேண்டியதுதான். ஆயின், அந்தப் பெருமையோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பேச்சும் வருகின்றது. வடக்கே இருந்த கிறிஸ்தவர்கள் மாட்ரிட் நகரில் போய் உட்கார்ந்து மனு எழுதினார்களாம். தங்களையும் ஸ்பானியராக ஏற்றுக்கொள்ளும்படி இரந்தார்களாம். வாளெடுத்தவர் வரலாற்றைப் படிக்கும் நாம் மனுக் கொடுத்தவர் வரலாற்றை ஏன் படிக்க வேண்டுமாம்! சொல்பவர் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார். அவையில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள், உரிமை கேட்டு எழுதுவது வீரமில்லாதவன் வேலை என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அந்த எண்ணத்தை மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு நாம் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஸதக்கா கேட்பவன் வேறு. ஹக்கைக் கேட்பவன் வேறு. முன்னவனுக்குக் கொடுப்பவன் மனம் இரங்க வேண்டும். பின்னவனோ காழியின் முன்னிலையில் தன் தஃவாவை எடுத்து வைக்கிறான். தனக்குச் சேர வேண்டியது இன்னது, அது இன்னாரிடம் இருக்கிறது என்று கூறி, அதற்குரிய பய்யினாவை, அதாவது சான்றை, முன்வைக்கிறான். அவனை எந்தக் கிதாபாவது பிச்சைக்காரன் என்று அழைத்ததுண்டா? கொடுங்கோலன் முன் நின்று உண்மையை உரைப்பதற்கு நம் மார்க்கம் தந்திருக்கும் மேன்மையையும் இங்கே நினைவூட்ட வேண்டியதில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயின் நாட்டில் இருந்துகொண்டு எழுதிய அந்தப் பிலிப்பினோக்கள் ஸதக்கா கேட்டார்களா, ஹக்கைக் கேட்டார்களா?

மணிலா நமக்கு அவ்வளவு அயலூரும் அன்று. சோழமண்டலக் கரையில் நெய்த துணிகள் அங்கே ஏறின. ஆங்கிலேயக் கப்பல்கள் மணிலாவில் வாணிகம் செய்ய ஸ்பானியர் தடை விதித்திருந்த காலத்தில், முஸ்லிம்களின் பெயராலும் ஆர்மீனியரின் பெயராலும் அச்சரக்குகள் போய்ச் சேர்ந்தன. 1762 இல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலப் படை புறப்பட்டது நம் சென்னைக் கரையிலிருந்துதான். அந்நகரில் ஸ்பானியரின் காவலில் கிடந்த சூலு சுல்தான் அலீமுத்தீனை விடுவித்ததும் அந்த ஆங்கிலேயரே. நம் ஊர்ப்பக்கத்தார் நிலக்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று பெயர் வைத்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்பானியர் 1571 இல் மணிலாவைக் கைப்பற்றியபோது அங்கே தலைவர்களுள் ஒருவராயிருந்தவர் பெயர் சுலைமான் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலும் இஸ்லாம் கால் ஊன்றத் தொடங்கியிருந்தது. கிரானடா வீழ்ந்து எண்பது ஆண்டுகூட ஆகாத நிலையில், தம் நாட்டு முஸ்லிம்களுக்கு இட்ட மோரோ என்னும் பெயரையே ஸ்பானியர் இங்கும் கொண்டுவந்து ஒட்டினர். வடக்கு விரைவில் அவர்கள் கைக்குள் வந்தது. அதன் பின் அந்நாட்டை ஆண்டவர்கள் யார்? ஆளுநர்கள் வருவார்கள், சில ஆண்டுகளில் போய்விடுவார்கள். ஊரில் நிலைத்திருந்தவர் மடத்துப் பாதிரியார். அகஸ்தீனியர், பிரான்சிஸ்கர், தொமினிக்கர், ரெக்கொலெக்தர் என்னும் துறவியர் சபைகளைச் சேர்ந்த அவரே ஞானஸ்நானம் கொடுத்தார், பள்ளிக்கூடத்தை மேற்பார்வையிட்டார், யார் நல்லவன், யார் அரச விரோதி என்று மேலிடத்துக்கு எழுதினார். அவருடைய சபை பெருநிலங்களுக்கும் உடைமையாளராயிருந்தது. பதினாறு முதல் அறுபது வயது வரையுள்ள ஆண்மக்கள் ஆண்டுக்கு நாற்பது நாள் கூலியின்றி உழைக்க வேண்டும் என்பது சட்டம். 1884 இல்தான் அது பதினைந்து நாளாகக் குறைக்கப்பட்டது.

அந்த மக்களுள் பாதிரியாரானவர்களுக்கும் நீதி இல்லை. பங்குக் கோயில்களைத் துறவியர் பிடித்துக்கொள்ள, உள்நாட்டுக் குருமார் உதவியாட்களாகவே காலம் கழித்தனர். அது தகாது என்று வாதிட்டவர் ஹொசே பூர்கோஸ் என்னும் குரு. 1872 ஜனவரியில் கவித்தே என்னும் இடத்துப் படைக்கலச் சாலையில் ஒரு கலகம் மூண்டது. அதைச் சாக்காகக் கொண்டு, கோமஸ், பூர்கோஸ், ஸமோரா என்னும் மூன்று குருமாரையும் அவ்வாண்டு பிப்ரவரி 17 ஆம் நாள் கழுத்தை இறுக்கும் கருவியில் வைத்துப் பலர் காணக் கொன்றார்கள். பூர்கோஸோடு தொடர்புடையவர்களுள் ஒருவர் பாசியானோ என்னும் இளைஞர். அவருடைய தம்பிக்கு அப்போது வயது பத்து. அந்தத் தம்பிதான் ஹொசே ரிஸால்; பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தம் இரண்டாம் நாவலை அவர் அந்த மூவருக்கே காணிக்கையாக்கினார்.

இனி, மனுவுக்கு வருவோம். ஸ்பெயினின் பாராளுமன்றமாகிய கோர்த்தெஸில் தங்களுக்குப் பிரதிநிதிகள் வேண்டும் என்பது அவர்களுடைய முதன்மையான கோரிக்கை. இது எவர் கருணைக்கும் ஏங்கிய கோரிக்கையா? 1810 முதலாகச் சில காலம் அத்தீவுகளுக்கு அந்த மன்றத்தில் இடம் இருந்தது. 1837 இல் அது பறிக்கப்பட்டது. அதே ஸ்பெயினின் கீழிருந்த கியூபாவுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் பின்னர் இடம் கொடுக்கப்பட்டது. இவர்களுக்கு மட்டும் மறுக்கப்பட்டது. பறித்ததைத் திருப்பிக் கேட்கிறான். அடுத்தவனுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு என்கிறான். வாதமும் இருக்கிறது, சான்றும் இருக்கிறது. சட்டத்தின் முன் சமநிலை, எழுதவும் கூடவும் சுதந்திரம், உள்நாட்டுக் குருமாருக்குப் பங்குக் கோயில்கள் என்று மற்றக் கோரிக்கைகளும் இதே தரத்தவை.

இவற்றைச் சொல்வதற்கு அவர்களுக்கு ஓர் ஏடு வேண்டியிருந்தது. சொந்த நாட்டில் அதற்கு வழியில்லை. தணிக்கை பாதிரிமார் கையில். எனவே 1889 பிப்ரவரி 15 ஆம் நாள் பார்சலோனாவில் லா சொலிதாரிதாத் என்னும் இதழ் தொடங்கிற்று. ஒருமைப்பாடு என்பது அதன் பொருள். மாதம் இருமுறை வெளிவந்தது. கிராசியானோ லோப்பஸ் ஹாயினா அதன் முதல் ஆசிரியர். மேடையேறினால் ஆளைக் கட்டிப்போடும் நாவன்மை உடையவர், மேசையில் அமர்ந்து எழுதுவதென்றால் சோம்பல். அவ்வாண்டு முடிவதற்குள் மாட்ரிட் நகருக்கு இடம் மாறிய அவ்வேட்டை ஏற்று, 1895 நவம்பர் வரை உயிரைக் கொடுத்து நடத்தியவர் மார்செலோ தெல் பிலார்.

தெல் பிலாரை நம் வாசகர்கள் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அவர் புலாக்கான் பகுதியைச் சேர்ந்த வழக்கறிஞர். தகாலோக் மொழியில் வல்லவர். சேவற்சண்டைக் களத்திலும் சந்தையிலும் கூடும் எளிய மக்களிடம் பேசத் தெரிந்தவர். ரிஸாலின் முதல் நாவலாகிய நோலி மி தாங்கெரே 1887 இல் பெர்லினில் அச்சாகித் தீவுகளுக்குள் நுழைந்தபோது, ரொத்ரிகெஸ் என்னும் அகஸ்தீனியப் பாதிரியார் அதைப் படிப்பவன் பாவியாவான் என்று சிறு பிரசுரங்கள் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று காயிங்காத் காயோ. 'எச்சரிக்கையாயிருங்கள்' என்பது பொருள். தெல் பிலார் 1888 இல் ஒரு மறுப்பு எழுதினார். அதன் பெயர் காயிகாத் காயோ. ஓர் ஒலியை மாற்றினார். 'விலாங்கு மீனைப்போல் வழுக்கிச் செல்லுங்கள்' என்று பொருள் மாறிவிட்டது! ஒரு புள்ளி மாறினால் ஒரு சொல்லின் பொருளே மாறிப்போகும் அரபு எழுத்தை நாள்தோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நமக்கு, இந்தக் கூர்மை தனி இன்பம் தருகின்றது. அவர் கிறிஸ்தவப் பிரார்த்தனைகளையே கேலியாகத் திரித்து எழுதிய நூலும் உண்டு. அது நமக்கு உவப்பானதன்று. எவருடைய வழிபாட்டையும் நகைப்புக்கு ஆளாக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் வழிபாட்டை வரி வசூலாக்கியவர்கள் அந்த நகைப்புக்கு முன்னரே வழி திறந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

ஸ்பானிய மொழி பற்றிய சண்டையைக் கேளுங்கள். நம்மவர் பலர் இதைக் கேட்டுத்தான் முகம் சுளிக்கிறார்கள்: ஆளுகிறவன் மொழியைக் கற்றுக்கொடு என்று கேட்பதும் ஒரு போராட்டமா என்று. சிந்தியுங்கள். சட்டம் அம்மொழியில், வழக்கு அம்மொழியில், மேலதிகாரிக்கு எழுதும் முறையீடு அம்மொழியில். பாதிரியாருக்கோ ஊர்மொழியும் தெரியும், ஸ்பானியமும் தெரியும். இடையில் அவர் நிற்காமல் எவனும் அரசிடம் ஒரு சொல் பேச முடியாது. தொடக்கப் பள்ளிகளில் ஸ்பானியம் கற்பிக்க வேண்டும் என்று 1863 இல் அரசே ஆணையிட்டிருந்தும் அது நடைபெறாமல் தடுத்தவர்கள், ஆணைக்குக் கட்டுப்பட வேண்டிய அந்தப் பாதிரிமாரே. ஸ்பானியன் மொழியை ஸ்பானியனே மறைத்து வைத்த விந்தையை வேறெங்கும் நாம் படித்ததில்லை.

1888 டிசம்பர் 12 ஆம் நாள், மாலோலோஸ் என்னும் ஊரில் இருபது இளம்பெண்கள், தங்கள் ஊருக்கு வந்த ஆளுநர் வைலரிடம் நேரில் ஒரு மனுவைக் கொடுத்தார்கள். ஸ்பானியம் கற்க ஓர் இரவுப் பள்ளி வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. பங்குப் பாதிரியார் எதிர்த்தார், அனுமதி மறுக்கப்பட்டது. பெண்கள் விட்டார்களா? மீண்டும் மீண்டும் கேட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அனுமதி வந்தது: செலவு அவர்களுடையதாயிருக்க வேண்டும், ஆசிரியை ஒரு பெண்ணாயிருக்க வேண்டும், வகுப்பு இரவில் நடக்கக் கூடாது, பகலில் நடக்க வேண்டும். ஏற்றுக்கொண்டார்கள். சில மாதங்களே நடந்தது அந்தப் பள்ளி. ஆனால் லண்டனிலிருந்த ரிஸால், தெல் பிலார் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 1889 பிப்ரவரி 22 ஆம் நாள் அப்பெண்களுக்குத் தகாலோக்கில் ஒரு நெடிய மடல் எழுதினார். அடிமைத் தாய் வளர்க்கும் பிள்ளை அடிமையாகவே வளரும் என்பது அதன் உட்கருத்து. பாதிரியாரைக் கண்டு ஆண்கள் தலைகுனிந்து நின்ற நாட்டில் ஆளுநர் முன் மனுவோடு போனவர்கள் பெண்கள். இவர்களையும் இரந்தவர்கள் பட்டியலில் சேர்க்கத் துணிவோர், முதலில் தம் வீட்டுப் பெண்மக்கள் இருபது பேர் கையெழுத்திட்டு நம் ஊர் நிர்வாகத்திடம் எதையேனும் கேட்டால் தாம் என்ன சொல்வோம் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

"கிடைத்தது என்ன?" என்று கேட்கப்படும். நேர்மையாகச் சொன்னால், அநேகமாக ஒன்றுமில்லை. 1888 மார்ச்சு முதல் நாள், பாதிரிமாரை வெளியேற்றக் கோரும் விண்ணப்பத்தோடு மணிலாவில் ஊர்வலம் போனவர்கள் பிடிக்கப்பட்டார்கள். ரிஸாலின் சொந்த ஊராகிய கலாம்பாவில் குத்தகைக்காரர்கள், தொமினிக்கரின் நிலவாரம் அநியாயமானது என்று வழக்காடினார்கள். 1890, 1891 ஆண்டுகளில் அவர்களைப் படைகொண்டு வீட்டைவிட்டு விரட்டினார்கள். ரிஸாலின் குடும்பமும் அதில் தப்பவில்லை. பிரதிநிதித்துவம் கோரி ஏழாயிரம் கையொப்பங்களோடு 1895 இல் ஒரு விண்ணப்பம் கோர்த்தெஸுக்குப் போயிற்று. பயன் இல்லை.

பயன் இல்லை என்பதை வைத்தே அவர்களை இகழ்வோருக்கு, நம் மதரஸாக்களில் பழகிய ஒரு சொல்லால் விடை சொல்கிறோம்: இத்மாமுல் ஹுஜ்ஜத். எதிரிக்கு எந்தச் சாக்குப்போக்கும் எஞ்சாதபடி ஆதாரத்தை நிறைவு செய்தல். ஸ்பெயின் தன்னைக் கருணையுள்ள தாய்நாடு என்று சொல்லிக்கொண்டது. சட்டத்தின் வழியே கேட்டால் கொடுப்பேன் என்றது. இவர்கள் சட்டத்தின் வழியே, ஸ்பானியரின் மொழியிலேயே, அவர்களுடைய தலைநகரிலேயே ஏழாண்டுகள் கேட்டார்கள். மறுப்பு ஒவ்வொன்றும் எழுத்தில் பதிந்தது. 1892 ஜூலை 3 ஆம் நாள் மணிலாவில் ரிஸால் லீகா பிலிப்பினா என்னும் சங்கத்தை அமைத்தார். நோக்கம் ஒருவருக்கொருவர் உதவி, கல்வி, சட்டபூர்வமான சீர்திருத்தம். நான்கு நாளில் அவரை மிந்தனாவோவின் வடகரையிலுள்ள தப்பித்தானுக்கு நாடுகடத்தும் ஆணை வெளியாயிற்று. அந்த ஜூலை 7 ஆம் நாள் இரவே அதே சங்கத்து உறுப்பினராகிய அந்திரெஸ் பொனிஃபாசியோ முதலியோர் கத்திப்புனான் என்னும் இரகசியப் புரட்சிச் சங்கத்தைத் தொடங்கினர். வாளுக்கு முன் வந்தது மனு. மனு மறுக்கப்பட்டதாலேயே அந்த வாள் பொதுமக்கள் கண்ணில் நியாயமான வாளாயிற்று. ரிஸால் ஆயுதப் புரட்சிக்கு உடன்படவில்லை; ஆயினும் 1896 டிசம்பர் 30 ஆம் நாள் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். முப்பத்தைந்து வயது.

இவ்வளவு சொன்ன நாம், அவர்களிடம் கண்ட குறையையும் மறைக்கப் போவதில்லை. அவர்கள் 'நாம் பிலிப்பினோக்கள்' என்று எழுதியபோது, அந்த 'நாம்' என்னும் சொல்லுக்குள் மிந்தனாவோ, சூலு முஸ்லிம்கள் இருந்தார்களா? தீவுகளை ஸ்பெயினின் ஒரு மாகாணமாக்குங்கள் என்று கேட்டபோது, அத்தீவுகளின் தென்பகுதியில் சுல்தான்கள் இருக்கிறார்களே, அவர்கள் சம்மதித்தார்களா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. மாட்ரிடில் அவ்வேடு சமத்துவம் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 1891 இலும் 1895 இலும் ஸ்பானியப் படை மராவி மீது பாய்ந்தது. அந்தப் படையில் வடதீவுகளின் மைந்தர்களும் இருந்தார்கள். இது குறைதான், சிறு குறையன்று.

ஆனால் அக்குறையைக்கொண்டு எல்லாரையும் ஒரே கோலால் அடிப்பதும் நீதியன்று. வெறுப்பு நம்மை நீதியினின்று வழுவச் செய்யலாகாது என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. 1887 இல் மாட்ரிடில் பிலிப்பைன் பொருட்காட்சி ஒன்று நடத்திய ஸ்பானியர், இகோரோட் மலைவாசிகளையும் சூலு முஸ்லிம்களையும் விலங்குகளைக் காட்டுவதுபோல் காட்சிக்கு வைத்தார்கள். குளிரில் நோயுற்றுச் சிலர் இறந்தனர். அதைக் கண்டு கொதித்துத் தம் ஆஸ்திரிய நண்பர் புளுமென்ட்ரிட்டுக்கு எழுதியவர் ரிஸால். அதனினும் பெரிதொன்று உண்டு. மோர்கா என்னும் ஸ்பானிய அதிகாரி 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பிலிப்பைன் வரலாற்றை, லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் உட்கார்ந்து தம் கைப்படப் பிரதியெடுத்து, அடிக்குறிப்புகளோடு ரிஸால் பதிப்பித்தார். தென்பகுதி முஸ்லிம்கள் பிறவிக் கடற்கொள்ளைக்காரர்கள் என்பது ஸ்பானியர் சொல்லிச் சொல்லி வேரூன்றிய கதை. ரிஸால் அந்தக் குறிப்புகளில், அக்கடல்களில் அதற்கும் முன்னரே கொள்ளையடித்தவர்கள் நட்புத் தீவுகளின் கப்பல்களைப் பிடித்த மகெல்லனின் கூட்டத்தாரே என்று எடுத்துக்காட்டினார். மோரோ தோற்பதையே முடிவாகக் கொண்ட நாடகங்களைத் திருவிழாதோறும் கண்டு வளர்ந்த ஒரு கிறிஸ்தவர் எழுதியது இது. நம் வரலாற்றுக்காக அன்று மேலைநாட்டு நூலகத்தில் உட்கார்ந்து ஏடு புரட்டிய முஸ்லிம் ஒருவரைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

வாளா, எழுத்தா என்று பிரித்துப் பேசுவோர் சூலுவின் வரலாற்றையும் சரியாகப் படித்தவர்களல்லர். 1876 இல் ஹோலோ நகரைப் பறிகொடுத்த பின், 1878 ஜூலையில் சுல்தான் ஜமாலுல் அஃலம் ஸ்பெயினோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். ஒரு பிரதி ஸ்பானியத்தில். மற்றொன்று சூலு மக்களின் தவ்சுக் மொழியில், அரபு எழுத்தில், நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியதுபோல. ஸ்பானியப் பிரதி, தீவுகள் முழுவதன் மீதும் ஸ்பெயினுக்கு இறையாண்மை உண்டு என்றது. தவ்சுக் பிரதியில் அந்தப் பொருள் இல்லை. ஏழாண்டு கழித்து, 1885 இல், பிரிட்டனும் ஜெர்மனியும் மாட்ரிடில் ஸ்பெயினோடு உட்கார்ந்து, சூலுவின் மீது ஸ்பெயினின் இறையாண்மையை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டன. சுல்தானை அங்கே அழைக்கவில்லை. வாளால் எளிதில் முடியாததை ஒரு தாளால் முடித்துக்கொண்டார்கள்! 1898 இல் பாரிஸ் உடன்படிக்கையில் ஸ்பெயின் முழுத் தீவுக்கூட்டத்தையும் இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தபோது, தன் முழு ஆட்சிக்குள் ஒருபோதும் வராத முஸ்லிம் நிலங்களும் அதில் சேர்ந்தன. அந்த மேசைகளில் ஸ்பானியமும் சட்டமும் அறிந்து, ஏடு நடத்தி, ஐரோப்பாவில் நண்பர்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு மோரோ இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நாம் உறுதி கூறவில்லை. மறுப்பாவது பதிவாகியிருக்கும்.

நம் காலத்திலும் அந்த மக்கள் செய்தது இதுவேயன்றோ? 1970 களில் ஆயுதம் ஏந்திய மோரோ விடுதலை இயக்கத்தார் 1976 இல் திரிப்போலியில் உடன்படிக்கைக்கு உட்கார்ந்தார்கள். அதன் பின்னும் போர். அதன் பின்னும் பேச்சு. 2014 இல் மணிலாவில் மற்றோர் இயக்கத்தோடு விரிவான உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 2018 இல் சட்டம் நிறைவேறிற்று. 2019 இல் வாக்கெடுப்பின் வழியே பங்சமோரோ தன்னாட்சிப் பகுதி அமைந்தது. சூலு மாகாணம் அந்த வாக்கெடுப்பில் வேண்டாம் என்று வாக்களித்தது. வழக்கு மன்றம் சென்று, 2024 இல் பிலிப்பைன் உச்ச நீதிமன்றம் சூலு அப்பகுதியில் அடங்காது என்று தீர்ப்பளித்தது. சரியோ தவறோ, அதுவும் மனுவிலும் வாதத்திலும் முடிந்த காரியம். இவர்களை இரந்தவர்கள் என்று எந்த மேடையில் பேசுவீர்கள்?

லோப்பஸ் ஹாயினா 1896 ஜனவரியில் பார்சலோனாவில் வறுமையில் காசநோயால் இறந்தார். அவர் உடல் எங்கே அடக்கப்பட்டது என்று இன்றும் சுட்டிக்காட்ட முடியாது. தெல் பிலாரும் அவ்வாண்டு ஜூலை 4 ஆம் நாள் அதே நகரில், அதே நோயால் மடிந்தார். மனைவியையும் இரு பெண்மக்களையும் அவர் பிரிந்து ஏழரை ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

இவர்களைப் பற்றி முஸ்லிம்கள் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு முன்மாதிரி தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. செஸார் அதீப் மஜூல் பிலிப்பைன் நாட்டு முஸ்லிம் அறிஞர். 1973 இல் வெளிவந்த அவருடைய பிலிப்பைன் முஸ்லிம்களின் வரலாற்றைத்தான், சூலுவின் வீரத்தைப் பேசும் நம் பேச்சாளர்கள் நேராகவோ பிறர் வழியாகவோ எடுத்தாள்கிறார்கள். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1957 இல், அதே மஜூல் பிலிப்பைன் புரட்சியின் அரசியல் கருத்துகளை ஆராய்ந்து, வடக்கே இருந்த அந்தக் கிறிஸ்தவர்களின் எழுத்துகளை வரிவரியாக எடைபோட்டு ஒரு நூல் செய்திருக்கிறார். அந்த நூலை நம் பேச்சாளர்கள் இன்னும் திறந்து பார்க்கவில்லை.